அடுத்த வீட்டு மொழி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் ஒன்பதாவது மாடியில் எங்கள் வீட்டுக்கும் ஆ மாவின் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தியோச்சியூ என்ற சீன வட்டார மொழியில் ஆ மா என்றால் பாட்டி. தாழ்வாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். காதில் விழும்போது பாதி ‘அம்மா’ போல் இருப்பதால் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு புளோக்கில் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காடு வரைதான் என்று 1989இல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஏற்பாடு கொண்டுவந்த பிறகு, கலந்து குடியிருப்பது இங்கே யாரும் யோசித்துப் பார்க்காத விஷயமாகிவிட்டது. கலந்து பேசுகிறோமா என்பது வேறு கதை. ஆ மாவும் நானும் 22 ஆண்டுகளை ஏறத்தாழ நாற்பது மலாய்ச் சொற்களில் ஓட்டினோம். ‘மக்கான்’ என்றால் சாப்பாடு ஆயிற்றா; ‘பானாஸ்’ என்றால் என்ன வெயில் இது; ‘ஹுஜான்’ என்றால் துணியை எடு. தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சு இங்கே வரும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

2023 கடைசியில் ஒரு மாலை தேவைப்பட்டது. ஆ மா என் இரும்புக் கதவருகே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துடன் நின்றார். ‘அடிக் மாத்தி’ என்றார். அடிக் என்றால் மலாயில் தனக்கு இளைய உடன்பிறப்பு. ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் சொல்லாது. மாத்தி என்றால் இறப்பு. படத்தில் இரண்டு சிறுமிகளும் ஒரு பையனும் இருந்தார்கள். பிறகு அவர் தியோச்சியூவிலோ மாண்டரினிலோ, அப்போது எனக்கு இரண்டும் ஒன்றுதான், நெடுநேரம் பேசினார். அழவில்லை. கட்டைவிரலால் படத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் ‘கெசியான்’ என்றேன். பாவம் என்று பொருள். மழையில் நனைந்த பூனையைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வேன். போனவர் தங்கையா தம்பியா என்றுகூடத் தெரியாமல் துக்கம் விசாரித்தவள் நான்.

அன்று இரவுதான் சீனம் படித்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய கையோடு வயிறு கலங்கியது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை நான் எழுதியது 1979இல். என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடும் முன் அப்பா டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைப்பார். மேசையில் டம்ளர் இழுபடும் அந்தச் சத்தம்தான் எனக்குப் படிப்பு. பள்ளியை முடித்ததும் வேலைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாக, சம்பளப் பிரிவில் எது மாறினாலும் அதை மட்டும் படித்தேன்: மத்திய சேமநிதி விகிதம், புதிய மென்பொருள், விடுப்பு விதிகள். ‘எனக்குப் படிப்பில் ஆசை இல்லை’ என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். ஆசை இல்லாமல் இல்லை. டம்ளர் சத்தம் கேட்காத இடத்தில் படிப்பு என்று ஒன்று இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

முதல் முயற்சி தோல்வி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சி மானியக் கணக்கில் 4,000 வெள்ளி சேர்ந்தது. என் மகள் கைப்பேசியை நீட்டி, ‘பாருங்கம்மா, இனிமேல் காசு இல்லை என்று சொல்ல முடியாது’ என்றாள். விசாரித்தால், அந்தத் தொகை வேலைவாய்ப்புக்கு உதவும் தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும். அடுத்த வீட்டுப் பாட்டியிடம் துக்கம் விசாரிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2016இல் 25 வயது நிரம்பியவர்களுக்கெல்லாம் கொடுத்த 500 வெள்ளி தொடாமல் கிடந்தது. அதை வைத்து ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தேன். வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் என் மகள் வயது. வாரம் ஒரு தேர்வு. மூன்றாம் வாரம் மதிப்பெண்களை வரிசைப்படுத்தித் திரையில் போட்டார்கள். என் பெயரைத் தேடக் கீழிருந்து மேலே பார்ப்பதே சுலபமாக இருந்தது. டம்ளர் நகர்ந்தது. நான்காம் வாரம் போகவில்லை.

மானியம் இருக்கிறது என்பதற்காக வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சேரும் முன் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தவறாகச் சொன்னவரை ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்தால் போதும். பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

இரண்டாவது வகுப்பு பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில், குடியிருப்பாளர் குழு அறையில் நடந்தது. ஐந்தே பேர். ஒரு பிலிப்பினோ தாதி, ஒரு மலாய் பஸ் ஓட்டுநர், கணவனும் மனைவியுமாக இருவர், நான். தேர்வு இல்லை. லாவ்ஷி, அதாவது ஆசிரியை, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் நாள் ஆளுக்கொரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்.

மாண்டரினில் ‘பா’ என்று மூச்சு வெளியே தள்ளாமல், குரலை மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் அப்பா. காகிதம் ஆடக் கூடாது. அதே இறக்கத்தோடு மூச்சை ஊதிச் சொன்னால் பயப்படு என்று பொருள். காகிதம் படபடக்க வேண்டும். அப்பாவுக்கும் பயத்துக்கும் நடுவே ஒரு மூச்சுதான். (எங்கள் வீட்டில் அந்த மூச்சுகூட இருந்ததில்லை.) ஆங்கிலம் வழியாக வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. பின்யின் எழுத்து முறை அப்பாவை ஆங்கிலத்தின் ‘பி’ என்ற இரண்டாம் எழுத்தால் எழுதுவதால், அவர்கள் ‘பஸ்’ என்பதில் உள்ளதைப் போல அதிர்வோடு சொல்லிவிடுகிறார்கள். நமக்கோ ‘பல்’, ‘பால்’, ‘பழம்’ என்று சொல்லின் முதலில் வரும் பகரம் மூச்சில்லாத, அதிர்வில்லாத பகரம். மாண்டரினுக்கு வேண்டியது அச்சாக அதுதான். காகிதம் ஆடவே இல்லை. லாவ்ஷி என் காகிதத்தைச் சுட்டிக்காட்டி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். வகுப்பில் ஒருவர் என்னை முன்மாதிரியாகக் காட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. 57 வயதில்.

அதற்குப் பிறகு தமிழ் இன்னும் எங்கெல்லாம் கைகொடுக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். உண்மையான ஆசை அப்போதுதான் பற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். மனிதர் என்பதற்கான சொல்லை மற்ற நால்வரும் ‘ரென்’, ‘ஜென்’ என்று அல்லாடினார்கள். நாவை மடித்து ‘ழென்’ என்றேன். சரி என்றார். தமிழில் ழகரம் சொல்லின் முதலில் வராது. இங்கே மனிதனே ழகரத்தில் தொடங்குகிறான். நீ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல், கிட்டத்தட்ட அப்படியே, ‘நீ’. இதற்கு உறவுமுறை எதுவும் கிடையாது, வெறும் தற்செயல்; ஆனால் மறக்காது. ‘நீ ஹாவ் மா’ என்னும்போது கடைசியில் வரும் ‘மா’ நம் ‘நலமா’வில் உள்ள ஆகாரத்தின் வேலையைச் செய்கிறது: வாக்கியத்தின் வாலில் ஒட்டிக் கேள்வியாக்குகிறது. இருபதை ‘அர் ஷி’ என்கிறார்கள், இரண்டு பத்து. முப்பது மூன்று பத்து. நாம் இரு, மு என்று சுருக்கிச் சொல்வதை அவர்கள் சுருக்காமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ‘மேசை மேல்’ என்று நாம் சொல்லும் அதே வரிசையில் மேசை முதலில், மேல் பிறகு. எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பெயரெச்சம். ‘நேற்று நான் வாங்கிய புத்தகம்’ என்பதை அவர்கள் நேற்று, நான், வாங்கு, ‘த’ என்ற ஒட்டு, புத்தகம் என்ற வரிசையில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகவேண்டும். இங்கே தமிழை அப்படியே வரிசையாக அடுக்கினால் போதும். வினைச்சொல்லுக்கோ விகுதியே கிடையாது. வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் ஒன்று. தமிழ் வினைத்திரிபுகளை நாலு வயதில் விழுங்கியவளுக்கு இது விடுமுறை.

ஆகவே வயது கடந்து புதிதாக எதைப் படிக்கப் போனாலும், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள். இளைஞரைப் போல் வேகமாக மனப்பாடம் செய்ய நம்மால் முடியாது. அதை ஒப்புக்கொள்வதில் நட்டமில்லை. ஆனால் ஒட்டவைக்க நம்மிடம் அதிக இடம் இருக்கிறது.

கஷ்டப்படுத்தியது தொனி. மாண்டரினில் நான்கு தொனிகள். லாவ்ஷி கையால் கோடு போட்டுக் காட்டுவார். என் காதில் நிற்காது. கடைசியில் வழி காட்டியது பாட்டி கதை. சிறு வயதில் கதை கேட்டுக்கொண்டே ‘ம்’ கொட்டுவோமே, அந்த ‘ம்’மை எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று ஒரு நாள் சமையலறையில் சொல்லிப் பார்த்தேன். ‘ம்?’ என்று கேட்டால் குரல் ஏறுகிறது: இரண்டாம் தொனி. ‘ம்ம்…’ என்று அரைமனதாக இழுத்தால் கீழே போய் எழும்புகிறது: மூன்றாம் தொனி. பிள்ளையை அதட்டும் ‘ம்!’ விழுகிறது: நான்காம் தொனி. தம்பூராவோடு சேர்ந்து பிடிக்கும் நீண்ட ‘ம்’ முதல் தொனி. புதுச் சொல் எதுவானாலும் முதலில் அதை ‘ம்’மாகச் சொல்லிவிட்டு, பிறகு உள்ளே சொல்லை வைத்தேன். என் கணவர் நான் தனியாக நின்று முனகுவதைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

நினைவில் நிறுத்த ஒரு காலி கோங் குவான் பிஸ்கட் டின். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது: அட்டைகளை அறை அறையாகப் பிரிப்பது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் தாமதமாகப் பார்க்கலாம். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். அட்டைப்பெட்டியை வெட்டி நான்கு தடுப்பு வைத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஆசை மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது எழுதினேன். புதன்கிழமை ஒன்றும் மிஞ்சவில்லை. டின்னை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உலை கொதிக்கும் வரை படிப்பு, கொதித்தால் விட்டுவிடலாம். தனியாக ‘படிக்கும் நேரம்’ என்று ஒதுக்கியவர்கள் எல்லாரும் எங்கள் வகுப்பில் பின்தங்கினார்கள். ஓட்டுநர் மட்டும் பஸ் முனையத்தில் ஓய்வு நேரத்தில் படித்து எங்களையெல்லாம் தாண்டிப் போனார்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு இலவசப் பாடநூல் உண்டு. சுவர்கள். எச்சரிக்கைப் பலகைகளும் அறிவிப்புகளும் பல இடங்களில் நான்கு மொழிகளில் இருக்கின்றன. கட்டுமானத் தளத்து வேலியில் ‘அபாயம்’ என்பதைத் தமிழில் படித்துவிட்டு அதன் சீன எழுத்துகளைப் பார்ப்பேன். மின்தூக்கி வரும் வரை தமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சீனத்தைப் படிக்க முயல்வேன், பிறகு கையை எடுத்துச் சரிபார்ப்பேன். நார்த்பாயிண்ட்டில் இருக்கும் ஈசூன் பொது நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் படக்கதை எடுக்கவும் கூச்சப்படவில்லை. யாராவது பார்த்தால் பேத்திக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முதலில் இருந்தேன். அப்புறம் அதுவும் விட்டுப்போயிற்று.

ஈசூன் என்ற பெயரையே அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஆ மா நம் ஊரை எப்போதும் ‘நீ சூன்’ என்பார். வயதானவரின் பழைய உச்சரிப்பு என்று நினைத்திருந்தேன். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பணம் பார்த்த லிம் நீ சூன் என்ற தியோச்சியூ வணிகரின் பெயர் அது; அதே இரண்டு எழுத்துகளை மாண்டரினில் படித்தால் ‘ஈசூன்’. எம்ஆர்டி ரயில் நிலையப் பலகை ஒரு மொழியில் படிக்கிறது, ஆ மா இன்னொன்றில் படிக்கிறார்.

குடும்பச் சொற்கள் வந்தது ஐந்தாவது வகுப்பில். அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நமக்கிருப்பதைப் போலவே நான்கும் தனித்தனி. தங்கை ‘மெய்மெய்’. தம்பி ‘திதி’. வகுப்பு முடிந்து நேரே ஆ மாவின் கதவைத் தட்டினேன். ஏழெட்டு மாதம் கழித்து என்ன துக்க விசாரிப்பு என்று பாதி வழியில் தோன்றியது, திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, ‘மெய்மெய்?’ என்றேன். ஆ மா என்னைப் பார்த்தார். படத்தில் இடப்பக்கச் சிறுமியின் மேல் விரலை வைத்தார். ‘மெய்மெய்’ என்றார். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்தார். 22 ஆண்டுகளில் அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

நான் எதிர்பாராத செய்தி ஒன்றை அடுத்த சில மாதங்களில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். ஆ மாவுக்கும் மாண்டரின் தாய்மொழி இல்லை. 1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தியோச்சியூ, ஹொக்கியன், கண்டனீஸ் நிகழ்ச்சிகள் மறைந்தன. அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. தொலைக்காட்சியின் எட்டாம் ஒளிவழியில் வரும் மாண்டரின் நாடகங்களைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகளோடும் பிறகு பேரப்பிள்ளைகளோடும் பேசுவதற்காக வாய்வழியாகவே கற்றிருக்கிறார். அவர் பேச்சில் ‘ஷ’ எல்லாம் ‘ஸ’ ஆகிவிடும். லாவ்ஷியிடம் பேசினால் நாலும் ‘ஆம்’ என்பதும் வேறு வேறு. ஆ மாவிடம் இரண்டும் ஒன்று. ஆக, இரண்டாம் மொழியில் தடுமாறும் இரண்டு பேர்தான் அந்தத் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அது தெரிந்த நாளிலிருந்து என் நாக்கின் கட்டு அவிழ்ந்தது. பயிற்சிக்கு ஆள் தேடுகிறவர்கள் நன்றாகப் பேசுகிறவரைத் தேடாமல், பொறுமையாகப் பேசுகிறவரைத் தேடுங்கள். மெதுவாகவும் ஒரே விஷயத்தைப் பலமுறையும் பேச வயதானவர்களைப் போல் ஆள் கிடையாது.

அவிழ்ந்த நாக்கு அவமானப்படவும் செய்தது. ஒரு பிற்பகல் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியபோது ஆ மாவின் மூங்கில் கழிகளில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. ‘ஹுஜான்’ என்று கத்தியிருக்கலாம். புது மொழியைக் காட்டும் ஆசையில் ‘சியா யூ!’ என்று கூவினேன். மழை பெய்கிறது என்று. ‘யூ’வை அரைமனதாக இழுத்திருக்க வேண்டும், அவசரத்தில் கேள்வி போல் ஏற்றிவிட்டேன். ஏற்றினால் மீன். ‘மீன் விழுகிறது!’ என்று ஒன்பதாவது மாடியிலிருந்து ஊருக்கே அறிவித்திருக்கிறேன். ஆ மா வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, உள்ளே போய், வாணலியோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். இருவரும் சிரித்து முடிப்பதற்குள் போர்வைகள் நனைந்துவிட்டன.

எழுத்து படிப்பது தனி மோகம். ஓய்வுக்கான எழுத்து, ஒரு மனிதன் மரத்தடியில் சாய்ந்திருப்பது. இதை லாவ்ஷி கரும்பலகையில் போட்டபோது ஓட்டுநர் ‘நானும் அப்படித்தான்’ என்றார். சென்ற மாதம் ஈரச்சந்தையில் ஆ மா வழக்கமாக மீனுருண்டை வாங்கும் கடையில் கையால் எழுதிய சீனக் காகிதம் ஒட்டியிருந்தது. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மரத்தடி மனிதன் இருந்தான். வாரம் என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு படுக்கைக்கோடும் இருந்தன. அவர்கள் கிழமைகளை எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் திங்கள். ஓடிவந்து ஆ மாவிடம், திங்கட்கிழமை கடை ஓய்வு, போகாதீர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் போகவில்லை. அந்தத் திங்களன்று கடை திறந்துதான் இருந்தது. அதற்கடுத்த திங்கள் போயிருக்கிறார்; பூட்டியிருந்தது.

வாரத்துக்கு முன்னால் இன்னோர் எழுத்து இருந்திருக்கிறது. ‘சியா’. மழை விழுகிறது என்பதில் வரும் அதே ‘சியா’தான், வாரத்துக்கு முன்னால் வந்தால் ‘அடுத்த’. தெரிந்த எழுத்து என்பதாலேயே கண் தாண்டிப் போயிருக்கிறது.

வெறும் பையோடு திரும்பிவந்த ஆ மா ‘மீன் விழவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்றார். சீன நாட்காட்டியின் ஏழாம் மாத விருந்து பற்றிய துண்டறிக்கை ஒன்றை, சிவப்புக் காகிதம், முழுக்கச் சீனம், கம்பிகளின் வழியே நீட்டினார். என்ன தேதி, எத்தனை மணி, படித்துச் சொல் என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.